வியாழக்கிழமை பிராக்டிகல்

மற்ற நாட்களில் மருதேவி காலேஜுக்குக் கொண்டுபோன சோற்றில் பாதி அப்படியே வீடு திரும்பும். வியாழக்கிழமை மட்டும் தூக்குச்சட்டி காலியாக வரும். ஆனால் அவளோ முகம் வற்றி, கண் உள்ளே போய், பட்டினி கிடந்தவள் மாதிரி வந்து நிற்பாள். இதை முதலில் கவனித்தவள் அவள் அம்மா ஜினமதி.

“முழுச் சோத்தையும் சாப்ட்டவ எதுக்கு இப்படி வந்து சுருண்டு படுக்கணும்?” என்று கணவனிடம் கேட்டாள்.

தரணேந்திரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்திலிருந்து மேல்சித்தாமூருக்கு பஸ் பிடித்து வருவதென்றால் சும்மாவா, அலைச்சலாக இருக்கும் என்றார். வியாழக்கிழமை பிராக்டிகல் முடிந்து அவள் வீடு வந்து சேர இருட்டிவிடும். பொழுது சாய்ந்தபின் வாயில் அன்னம் வைக்காத ஜைனக் குடும்பம் அவர்களுடையது. அதனால் அன்று ராத்திரியும் அவளுக்குச் சோறு கிடையாது. ஜினமதியின் மனசு கேட்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

மற்ற நாட்களுக்குச் சின்ன எவர்சில்வர் டப்பா போதும் மருதேவிக்கு. வியாழக்கிழமைக்கு மட்டும் ஜினமதியின் பெயர் வெட்டிய பெரிய பித்தளைத் தூக்குதான் வேண்டும். திரும்பி வந்ததும் அதை அடுப்படிக்குக் கொண்டுவராமல் நேரே கிணற்றடிக்குப் போவாள். அந்த இருட்டிலும் புளியும் சாம்பலும் போட்டு, கை வலிக்கத் தேய்ப்பாள்.

“யாருக்கோ சோறு போடறாங்க இவ,” என்றாள் ஜினமதி ஒருநாள், குரலைத் தாழ்த்தி. “பெத்தவ சொல்லக் கூடாது. ஆனா யாரோ ஒருத்தன் இருக்கான்.”

அதுவரை தரணேந்திரன் யாரையும் எளிதில் சந்தேகப்பட்டவர் இல்லை. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இது எண்பத்துநாலாம் வருஷம். மருதேவி பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் இருந்தாள். அவளைக் காலேஜில் சேர்த்தபோதே வீட்டில் பெரிய பேச்சு நடந்திருந்தது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவளுக்கு என்னென்ன வழி உண்டு என்று தரணேந்திரன் நாலு பேரிடம் விசாரித்தார். டாக்டருக்கு மார்க் பத்தாது. விவசாயப் படிப்பென்றால் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அங்கே அவர்கள் விலக்கிய கிழங்கும் உண்டு, ராத்திரிச் சாப்பாடும் உண்டு. அது ஆகாது. மிச்சம் இருந்தவை இரண்டு, பாட்டனியும் ஜுவாலஜியும். இரண்டுக்கும் தகுதி ஒன்றுதான். பிளஸ் டூவில் உயிரியல் படித்துத் தேறியிருக்க வேண்டும். இரண்டிலும் துணைப்பாடமாகக் கெமிஸ்ட்ரி வரும். வித்தியாசமெல்லாம் பிராக்டிகலில்தான். பாட்டனிக்காரர்கள் தண்டையும் வேரையும் சீவிப் பார்ப்பார்கள். ஜுவாலஜிக்காரர்கள் மண்புழு, கரப்பான் என்று ஆரம்பித்துத் தவளையில் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அறுத்துக் காட்டுவார், பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தால் போதும். காலேஜில் ஒவ்வொருவரும் தன் கையால் அறுத்தாக வேண்டும்.

“பாட்டனின்னா படி. இல்லன்னா வீட்ல இரு,” என்று தரணேந்திரன் தீர்த்துச் சொல்லிவிட்டார். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீடு. அவர் அதைச் சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இண்டர்வியூவுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். மருதேவி வெளியே வந்து, “சீட்டு கிடைச்சிடுச்சுப்பா,” என்றாள். “பாட்டனிதானே?” என்று கேட்டார். அப்போது அவள் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தபடியே தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் கழிந்து, தூக்கம் வராத இந்த ராத்திரியில்தான் அது அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரம், போன பட்டத்து மல்லாட்டையை, வேர்க்கடலையை, விற்க விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். வண்டிகளும் லாரிகளும் நெருக்கியடித்த அந்த முற்றத்தில், ஏலம் கேட்கிறவர்கள் வரும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து கதை பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பக்கத்து மூட்டைக்காரர் கூட்டேரிப்பட்டைச் சேர்ந்த விருத்தாசலம். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பிள்ளைகள் படிப்பில் வந்து நின்றது.

“எங்க பொண்ணு வேணி திண்டிவனத்துலதாங்க, பாட்டனி ரெண்டாவது வருஷம்,” என்றார் விருத்தாசலம். “வேலியோரத்துல ஒரு செடிய விட்டு வெக்கலைங்க அது. புடுங்கினு வந்து, பேப்பர்ல வெச்சி அமுக்கி, காயவெச்சி ஒட்டிக்கினே கீது. வூடு பூரா சருகு. அமுக்கறதுக்கு அம்மிக்கல்லத் தூக்கி மேல வெச்சிட்டா பாருங்க, ரெண்டு நாளா அரைக்க அம்மி இல்லாம எங்க ஊட்டுல ஒரே பேஜாரு.”

தரணேந்திரன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் வீட்டில் ஓர் இலை காய்ந்து அவர் பார்த்ததில்லை.

“எங்க பொண்ணும் அதே காலேஜு, அதே கிளாஸ்தாங்க.”

“அப்படியா? பேரு இன்னாங்க?”

“மருதேவி.”

விருத்தாசலம் யோசித்தார். “அப்படி ஒரு பேர எங்க வேணி சொல்லி நான் கேட்டதில்லையே. இருக்கறதே கொஞ்சம் பேருதான். எல்லாரும் எங்க வூட்டுக்கு வந்து போனவங்கதான்.” பிறகு தரணேந்திரன் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற பிரிவா இருக்கும்ங்க,” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அன்று மல்லாட்டை என்ன விலைக்குப் போனதென்று வீட்டில் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவருக்குள் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப ஓடியது. பாட்டனி கிளாசில் இல்லாதவள் தினமும் காலையில் எங்கே போகிறாள்?

நேராகக் கேட்டால் இன்னொரு தலையாட்டல்தான் கிடைக்கும். அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, “கொல்லிப்பக்கம் வர்றியா?” என்று சாதாரணமாக நிலத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். மானாவாரி மல்லாட்டை தழைந்து நின்றது. புள்ளி விழுந்த இலை ஒன்றைக் கிள்ளி அவளிடம் நீட்டினார்.

“இது எதனால வருது?”

“பூஞ்சைப்பா,” என்றாள். அவ்வளவுதான். இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. செடியைப் பற்றிப் படிக்கிறவள் பேச்சா இது என்று அவர் உள்ளுக்குள் குறித்துக்கொண்டார். நாலடி நடந்திருப்பார்கள். மருதேவி சட்டென்று குந்தி உட்கார்ந்தாள். ஒரு இலையின் அடியில் கடுகு கடுகாக முட்டைகள் ஒட்டியிருந்தன.

“அப்பா, கம்பளிப்புழு முட்டைப்பா இது! மழை இல்லாத காலம் பூரா மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா தூங்கிக்கினு இருக்கும். மழை விழுந்ததும் பூச்சியா வெளிய வந்துடும். மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு மழை எப்படித் தெரியுது பாருங்க!”

அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வெகு நாளாகியிருந்தது. புள்ளி இலைக்கு அந்த மலர்ச்சி வரவில்லை என்பதையும் அவர் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் தரணேந்திரன் திண்டிவனம் போனார். காலேஜ் வாசலில் ஒரு ஆள் சைக்கிளில் ஈரச்சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். சாக்கு தானாக அசைந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் பொழுதைக் கழித்துவிட்டு, பிராக்டிகல் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பாட்டனி பிரிவைத் தேடிப் போய் வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தார்.

“மருதேவியா? அவங்க ஜுவாலஜிங்களே. எதிர்த்த வராண்டா,” என்றாள் அவள்.

எதிர் வராண்டாவுக்குப் போனார். ஜன்னலுக்கு அருகில் போனதும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. உள்ளே மேசை மேசையாக மெழுகு ஊற்றிய தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு தவளை, கைகால் விரித்து, குண்டூசி குத்தி, வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அவர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். மருதேவி அங்கே இல்லை.

மார் லேசானது. அடுத்த மூச்சிலேயே முன்னைவிடக் கனத்தது. இங்கேயும் இல்லையென்றால் எங்கே? ஜினமதி சொன்னது நினைவுக்கு வந்தது.

“யாருங்க நீங்க? என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வெளியே வந்தார். விரிவுரையாளர் காந்திமதி. தரணேந்திரன் தான் யாரென்று சொன்னதும் அந்த அம்மாளின் புருவம் ஏறியது.

“மருதேவி அப்பாவா? நல்லவேளை வந்தீங்க. அவளுக்கு என்ன உடம்பு?”

“உடம்பா?”

“வியாழக்கிழமை ஆனா வயித்துவலி, தலைசுத்தல்னு லேபை விட்டுக் கிளம்பிடறா. நீங்கதான் டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கீங்கன்னு சொன்னா. சத்தியமா சொல்றேன், நான் நம்பலை. இதுவரைக்கும் ஒரு தவளையைத் தொடலை அவ. லேபை விட்டு எங்க போறா?”

“அதைத்தாங்க நானும் கேட்டுக்கினு வந்தேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அந்த அம்மாள் பார்வை சொன்னது. பெண்பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு என்ன காலேஜ் நடத்துகிறார்கள் என்று தரணேந்திரனுக்கு ஆத்திரம் வந்தது.

அதற்குள் காலையில் சைக்கிளில் வந்த ஆள் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தான். லேப் அட்டெண்டர் மாரியப்பன். “மேடம், எண்ணித்தான் தொட்டில விட்டேன். இன்னிக்கும் கொறையுதுங்க.”

“வாரா வாரம் எப்படி மாரியப்பன் குறையும்? தொட்டிக்குக் காலு முளைச்சுதா? ஆள் பிடிச்சு வெளிய விக்கிறீங்கன்னு பேச்சு வந்துடுச்சு. பிரின்சிபாலுக்கு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை.”

“எம் புள்ளைங்க மேல சத்தியம்ங்க மேடம். ஏரியில விடியக்காலம் எறங்கிப் புடிக்கறவன் நானு. நான் எதுக்கு எடுக்கறேன்?” என்றான் மாரியப்பன்.

தரணேந்திரனின் பார்வை அவனைத் தாண்டிச் சென்றது. கொல்லைக் கதவுக்கு வெளியே கம்பிவலை போட்ட சிமெண்ட் தொட்டி. அதன் காலடியில் ஒரு பித்தளை மூடி கிடந்தது. அதில் வெட்டியிருந்த எழுத்தை அவர் அங்கிருந்தே படித்துவிட்டார். அவர் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த தூக்கு அது.

அந்த நேரத்தில் அவர் செய்த காரியத்தைப் பிறகு எத்தனை தடவை நினைத்தும் அவருக்கே வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. “தண்ணி குடிச்சிட்டு வர்றேங்க,” என்று அந்தப் பக்கம் நடந்தார். குனிந்து மூடியை எடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

வேலி உடைந்திருந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கியது. அது போய் முடிந்த குட்டைக்கரையில், பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மருதேவி தூக்கைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தவளை எகிறித் தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது வெளியே வராமல் அடம்பிடித்தது. அவள் தூக்கின் அடியைத் தட்டிக்கொண்டே, “போ, போயிடு,” என்றாள்.

“மூடி எங்கடி?”

அவள் திரும்பினாள். அவர் துண்டை விலக்கி மூடியை நீட்டினார். அவளுக்கு முதலில் அழுகைகூட வரவில்லை.

“பாட்டனின்னு சொன்னியே.”

“நான் சொல்லலப்பா. தலையாட்டினேன்.” அதற்கப்புறம் அழுகை வந்தது. “அங்க ரெண்டுல எது வேணும்னு கேட்டாங்க. எனக்கு இதுதான் வேணும்னு இருந்துச்சு. நீங்கதானேப்பா சின்ன வயசுல சொல்லிக்கினே இருப்பீங்க, செடிக்கு ஓரறிவு, மண்புழுவுக்கு ரெண்டு, எறும்புக்கு மூணுன்னு. மண்புழுவுக்கு நெசமாவே கண்ணு கிடையாதான்னு பாக்கணும்னு இருந்துச்சு. சேந்ததுக்கு அப்புறம்தான் என்னால அறுக்க முடியலன்னு தெரிஞ்சுது. போன வருஷம் கூட்டாளி பொண்ணு செஞ்சி குடுத்தா. இந்த வருஷம் தவளை. ரெண்டு மூணையாவது காப்பாத்தலாம்னு… சோத்தைப் பொண்ணுங்களுக்குக் குடுத்துடுவேன். தவளை இருந்த பாத்திரம்னு எனக்கு அப்புறம் வாய்ல வெக்க மனசு வரல.”

“பொய் சொல்லி, திருடி, உயிரைக் காப்பாத்தறியா நீ?”

மருதேவி கண்ணைத் துடைத்தாள். “கம்பளிப்புழு வந்தா நாம பூச்சி மருந்துப் பவுடர் தூவறதில்லையாப்பா? ஆளு வெச்சித் தூவச் சொல்லிட்டு நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவீங்க. நான் பாத்திருக்கேன்.”

அவர் கை தானாக ஓங்கியது. ஓங்கியது அப்படியே நின்றது. அவள் நகரவில்லை. அவர் கையைக் கீழே விட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை.

“அங்க ஒரு மனுஷன் உன்னால திருடன்னு பேர் வாங்கிக்கினு நிக்கறான். தெரியுமா?” என்றார்.

“யாருப்பா?”

“சாக்குல தவளை கொண்டாரவன்.”

அவள் முகம் வெளுத்தது. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது என்று அவர் கண்டுகொண்டார். அவர் சொல்லுமுன்பே தூக்கை எடுத்துக்கொண்டு பாதையில் ஏறினாள். அவர் பின்னால் போனார்.

காந்திமதி முன்னால், மாரியப்பன் முன்னால், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் முன்னால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாரியப்பன் வராண்டாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். “ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. என் சோத்துல கை வெச்சிட்டியே,” என்றான். அவள் மன்னிப்புக் கேட்டாள். அதன்பின் அவள் படிப்பு முடியும்வரை அவன் அவளிடம் பேசவே இல்லை.

காந்திமதிக்குக் கோபம் தணிய நேரமாயிற்று. “பாட்டனிக்கு மாறணும்னா முதல் வருஷ ஆரம்பத்துலயே கேட்டிருக்கணும். இப்ப வழியில்லை. இருந்தா இங்க, இல்லன்னா வீடு. வருஷக் கடைசியில பரீட்சைக்குத் தவளை வைப்பாங்க. அறுக்கலைன்னா அந்த மார்க் போகும். மத்ததுல எடுத்துத் தேறிடலாம், நல்ல கிளாஸ் வராது. அது உன் இஷ்டம். ஆனா இனிமே வியாழக்கிழமை முழுக்க என் கண்ணு முன்னாடி லேபுல உக்காந்திருக்கணும். நடக்கறதைப் பாக்கணும். ஓடக் கூடாது.” பிறகு தரணேந்திரனைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். “இருக்கட்டுங்க,” என்று வந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் ஜினமதி, பையன் யாரும் இல்லையென்று முதலில் பெருமூச்சு விட்டாள். தவளை என்று காதில் ஏறிய பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊரில் செய்தி பரவ நாளாகவில்லை. கோயிலுக்குப் போனால் பேச்சு நின்று, அவர் உட்கார்ந்த பிறகு வேறு பேச்சு தொடங்கியது. அந்த மாசம் புழு வந்தது. அவர் பவுடர் தூவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒரு செடி மிஞ்சாது. ஆனால் அந்தத் தடவை வரப்பில் திரும்பி நிற்காமல், கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. வியாழக்கிழமைகளில் மகள் உள்ளே வரும்போது அவள் விரல்களில் அவர் பார்வை போய் நிற்கும். இன்றைக்குத் தொட்டாளா என்று கேட்க நாக்கு வரை வரும், விழுங்கிவிடுவார். ஒரு தடவை மறைத்தவள் இன்னொரு தடவை மறைக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? உண்மையைச் சொன்னாலும் அதை நம்பத் தன்னால் முடியுமா என்றும் அவருக்குத் தெரியவில்லை.

வருஷக் கடைசியில் பிராக்டிகல் பரீட்சை வந்தது. அன்று பொழுது இருக்கவே மருதேவி வீடு வந்துவிட்டாள். தரணேந்திரன் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் பையை வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

“அறுத்தேன்பா.”

உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“உயிரோட இருந்துச்சா?”

“இல்ல. மயக்க மருந்துல செத்துப்போனதைத்தான் எல்லாருக்கும் வெச்சாங்க.”

“கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லப்பா. மேடம் என் பக்கமே வரல. மார்க்குக்காக செஞ்சேன்னு சொன்னா அதுவும் பொய்யி. இத்தனை மாசமா பக்கத்துல உக்காந்து பாத்துக்கினே இருந்தேன். எனக்கு உள்ள பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தேன்.” அவள் தலை குனியவில்லை.

ஜினமதி வாசற்படியில் வந்து நின்று அழுதாள். “இதுக்காச்சும் ஒரு பொய் சொல்லக் கூடாதாடி?”

தரணேந்திரன் எழுந்து கோயிலுக்குப் போனார். மறுநாள் அவர் உபவாசம் இருந்தார். யாரும் சொல்லாமலே மருதேவியும் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தாள். அவர் ஒரு அறையில், அவள் ஒரு அறையில்.

அடுத்த நாள் உபவாசம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்கு இலை போட்டபோது ஜினமதி கணவனுக்கு மட்டும் போட்டாள். “அவளுக்கும் போடு,” என்றார் அவர். மகள் வந்து தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டபின் அவர் கேட்டார்:

“மூணாவது வருஷம் இன்னா பாடம்?”

மருதேவி தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கரு எப்படி வளர்கிறது, தாய் தகப்பன் ஜாடை பிள்ளைக்கு எப்படி வருகிறது, பூச்சிகளுக்கென்றே தனியாக ஒரு பாடம் என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதி அவருக்குப் புரியவில்லை. அவள் விரல்களைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அவள் சொன்னதில் ஒன்றையும் அவர் சந்தேகிக்கவில்லை.